ஜிப்பைப் பாருங்கள், பிறகு விலையைக் கேளுங்கள்: பழம்பொருள் சந்தை பற்றி வாசகர் கேள்வி – பதில்

பழைய உடைகளும் சேகரிப்புப் பொருட்களும் விற்கப்படும் சந்தைகள், கண்காட்சிகள், வீட்டைக் காலி செய்யும்போது நடத்தப்படும் விற்பனைகள் ஆகியவை பற்றிய கேள்விகளைச் சென்ற இதழில் வரவேற்றிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஐயத்தைச் சுற்றியே இருந்தன. விற்பவர் சொல்லும் வயதை எப்படி நம்புவது? அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: 1940களில் தைத்த கவுன் என்று சொல்லி ஒருவர் காட்டினார். அவருடைய பாட்டி அணிந்ததாம். துணியும் பழையதாகத்தான் தெரிகிறது. எதை வைத்து உறுதி செய்துகொள்வது?

பதில்: பாட்டியைச் சற்று நேரம் மறந்துவிட்டு, கவுனின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் விற்பவருக்கு இல்லாமலே இருக்கலாம். தமக்கு விற்றவர் சொன்னதை அவர் அப்படியே திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். கைமாறும் ஒவ்வொரு முறையும் பொருளுக்குச் சில ஆண்டுகள் கூடிவிடுவது இத்தொழிலில் வாடிக்கை. ஆனால் உடையில் உள்ள ஜிப், லேபிள், நூலிழை, தையல் ஆகியவற்றில் பெரும்பாலானவை குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தவை. ஆகவே அவை ஒவ்வொன்றும் ‘இந்த உடை இன்ன ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது’ என்ற எல்லையைத் தருகின்றன. அவற்றுள் மிகப் பிந்திய எல்லை எதுவோ, அதற்குப் பிறகுதான் உடையின் வயதைத் தேட வேண்டும்.

முதலில் ஜிப். இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தின் முன்னோடியை கிடியன் சண்ட்பேக் 1913இல் உருவாக்கி 1917இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் பெண்களின் கவுன்களில் அது பரவலாக இடம்பெற்றது 1930களின் பிற்பகுதியில்தான். 1940களின் மேலைநாட்டுக் கவுன்களில் உலோக ஜிப் பெரும்பாலும் இடப்பக்கத் தையலில், இடுப்பை ஒட்டி இருக்கும். போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் ஜிப்பே வைக்காமல் கொக்கியும் பிரஸ் பொத்தானும் மட்டும் வைத்துத் தைத்தவையும் உண்டு. முதுகின் நடுவே நீளமாக ஓடும் ஜிப் 1950களில் பெருகியது. உலோகப் பற்களுக்குப் பதிலாக நைலான் சுருள் கொண்ட ஜிப் 1960களில் பரவியது. எனவே நீங்கள் பார்த்த கவுனில் நைலான் சுருள் ஜிப் இருந்தால், ஒன்று அந்த உடை 1940களைச் சேர்ந்ததன்று, அல்லது பிற்காலத்தில் யாரோ ஜிப்பை மாற்றியிருக்கிறார்கள். இரண்டில் எது என்பதையும் கண்டுபிடிக்கலாம். ஜிப்பின் பட்டையைச் சற்று விலக்கி, இப்போதைய தையலுக்கு அருகில் வெறும் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். துளைகள் இருந்தால் முன்பு அங்கே வேறொரு ஜிப் தைக்கப்பட்டிருந்தது என்று பொருள். துளையே இல்லாமல் துணி சீராக இருந்தால் அந்த ஜிப் உடையோடு பிறந்தது.

அடுத்து லேபிள். அமெரிக்காவில் விற்கும் உடையில் இழையின் பெயரையும் விகிதத்தையும் குறிப்பிட வேண்டும் என்ற சட்டம் 1960இல் நடைமுறைக்கு வந்தது. துவைக்கும் முறையைச் சொல்லும் லேபிள் அங்கே 1972 முதல் கட்டாயமாயிற்று. வாளி, இஸ்திரிப்பெட்டி, முக்கோணம் போன்ற பராமரிப்புக் குறிகளை வகுத்த ஐரோப்பிய அமைப்பே 1963இல்தான் தோன்றியது. ஆகவே இக்குறிகளைத் தாங்கிய லேபிள் ஒன்று 1940களின் உடையில் இருப்பதற்கு வாய்ப்பே இல்லை. இதற்கு நேர்மாறாக, பிரிட்டனின் போர்க்காலச் சிக்கன உடைகளில் அச்சிடப்பட்ட ‘சிசி41’ முத்திரை 1941 முதல் 1952 வரை மட்டுமே புழங்கியது என்பதால் அது இருபுறமும் எல்லை கட்டித் தரும் அரிய சான்று. லேபிளே இல்லாத உடையைக் கண்டு ஏமாற்றமடைய வேண்டாம். வீட்டிலோ தையற்காரரிடமோ தைத்தவற்றில் லேபிள் இருக்காது. அவற்றில் பல, கடையில் வாங்கியவற்றை விட நேர்த்தியானவை.

இழையும் சாட்சி சொல்லும். நைலான் காலுறைகள் பொதுவிற்பனைக்கு வந்தது 1940இல். பாலியெஸ்டர் உடைகள் 1950களில் கடைகளுக்கு வந்தன. இழுத்தால் நீண்டு மீளும் லைக்ரா வகை இழை உருவாக்கப்பட்டது 1958இல். மற்றொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். துணியின் ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் தையலைக் கண்டதுமே ‘இது புதியது’ என்று முடிவுகட்டுவோர் உண்டு. அந்த இயந்திரம் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

கேள்வி: பழைய லீவைஸ் ஜீன்ஸில் சிவப்புப் பட்டையில் உள்ள ஆங்கில ‘ஈ’ எழுத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. பின்பையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு சிவப்புப் பட்டை 1936இல் அறிமுகமானது. 1971 வரை பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் நெய்யப்பட்டது. அதன்பின் ‘ஈ’ சிறிய எழுத்தாக மாறியது. ஆனால் அந்நிறுவனமே தன் பழைய வடிவங்களை மீண்டும் தயாரித்து விற்கிறது, அவற்றிலும் பெரிய எழுத்துத்தான் இருக்கும். உள்ளே துவைக்கும் குறிகள் அச்சிட்ட லேபிள் இருந்தால், பட்டையில் பெரிய எழுத்து இருந்தாலும் அது பெரும்பாலும் மறுபதிப்பே. மறுபதிப்பை வாங்குவதில் தவறொன்றும் இல்லை, அதற்குரிய விலையில் கிடைத்தால்.

கேள்வி: லேபிளில் என் அளவு எண் தெளிவாக இருந்தது. நம்பி வாங்கினேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் தோளுக்குக் கீழே இறங்கவே இல்லை. நான் பருத்துவிட்டேனா?

பதில்: இல்லை, எண்தான் இளைத்துவிட்டது. அமெரிக்கா 1958இல் பெண்களின் ஆயத்த உடைகளுக்கென ஒரு அளவுத் தரத்தை வெளியிட்டது. பின்வந்த ஆண்டுகளில் நிறுவனங்கள் தங்கள் விருப்பம்போல அதே எண்ணுக்குள் உடையைப் பெரிதாக்கிக்கொண்டே போயின. 1983இல் அந்தத் தரமே விலக்கிக்கொள்ளப்பட்டது. அக்காலத்து 14ஆம் எண் உடை இன்றைய கடைகளில் சில எண்கள் குறைவான உடைக்கே சமமாக இருக்கும். ஆகவே பழைய உடையில் எண்ணைப் படிக்காமல் அளவுநாடாவை எடுங்கள்.

உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் உடை ஒன்றை வீட்டில் தரையில் பரப்பி, அக்குளிலிருந்து அக்குள்வரை, இடுப்பு, தோள் அகலம், பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்புவரையிலான நீளம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிச் சந்தைக்கு எடுத்துச் செல்லுங்கள். விற்பனைக்கு உள்ள உடையையும் அதேபோலப் பரப்பி அளந்து ஒப்பிடலாம். போட்டுப் பார்க்க இடமில்லாத சந்தையில் இதைவிட நம்பகமான வழி இல்லை. கடைசியாகச் சொன்ன நீளத்தைப் பலரும் அளப்பதே இல்லை. இடுப்பைப் பிரித்துத் தளர்த்தலாம், விளிம்பை இறக்கலாம்; ஆனால் மேலுடல் குட்டையாக இருந்தால் எந்தத் தையற்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. தளர்த்துவதற்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். விட்டிருந்தாலும், வெளித்துணி வெளுத்து உள்மடிப்பு மட்டும் பழைய நிறத்தில் பளிச்சென்று இருக்குமானால், பிரித்த பிறகு அந்தக் கோடு நிரந்தரமாகத் தெரியும்.

கேள்வி: சிறு கிழிசலும் கறையும் உள்ள உடைகள் மலிவாகக் கிடைக்கின்றன. எவற்றை வாங்கலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: தையல் விட்டிருப்பது, பொத்தான் விழுந்திருப்பது, விளிம்பு அவிழ்ந்திருப்பது, லைனிங் கிழிந்திருப்பது இவையெல்லாம் குறைகளே அல்ல, விலையைக் குறைக்க உதவும் காரணங்கள். கம்பளியில் அந்துப்பூச்சி அரித்த ஓரிரு துளைகளை நல்ல கைகாரர் இழையோட்டி மூடிவிடுவார். துணியே இற்றுப்போயிருந்தால் மட்டும் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இதில் அதிகம் ஏமாற்றுவது பட்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேலைநாட்டு ஆலைகளில் பட்டை எடைபோட்டு விற்றார்கள். பட்டிழையின் பசையைக் கழுவி நீக்கும்போது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடை குறைந்துவிடும் என்பதால், இழந்த எடையை மீட்க வெள்ளீயம், இரும்பு போன்ற உலோக உப்புக் கரைசல்களில் அதை ஊறவைத்தார்கள். புதிதாக இருந்தபோது அந்தப் பட்டு கனமாகத் தொங்கி, நடக்கையில் சலசலத்து, மிக அழகாக இருந்தது. ஆனால் அதே உலோகம் பல பத்தாண்டுகளில் இழையை உள்ளிருந்தே நொறுங்கச் செய்கிறது. அத்தகைய துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மடிப்புகளின் ஓரமாக நேர்க்கோட்டில் கத்தியால் கீறியதுபோல் பிளவுகள் தெரியும். தொட்டால் காய்ந்த சருகுபோல் ஓசை எழும். ஒரு பிளவைத் தைத்தால் ஊசி போன இடத்திலேயே அடுத்த பிளவு உண்டாகும். இதை நிறுத்தும் வழி அருங்காட்சியகங்களுக்கே இல்லை. தனியாட்கள் நாம் என்ன செய்துவிட முடியும்? சட்டம் போட்டு மாட்டிவைக்க வாங்கலாம், அணிவதற்காக வாங்காதீர்கள்.

மற்றத் துணிகளில் அக்குள், காலர், தோள் தையல் ஆகிய மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். வியர்வை பட்ட இடம் நிறம் மாறியிருப்பதோடு வலுவும் இழந்திருக்கும். தோள் தையலின் இருபுறமும் விரல்களால் பிடித்து மெல்ல இழுங்கள். தையலைச் சுற்றி இழைகள் விலகிச் சல்லடைபோல் தெரிந்தால் திருப்பி மாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். துருக்கறையை ப்ளீச் போட்டு நீக்கலாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். குளோரின் ப்ளீச் துருவை இன்னும் அழுத்தமாகப் பதியவைக்கும்.

கேள்வி: வாங்கிய கம்பளிக் கோட்டுடன் பூச்சியும் வீட்டுக்கு வந்துவிடும் என்று அச்சமாக உள்ளது.

பதில்: நியாயமான அச்சம். அரிப்பது பறக்கும் பூச்சியன்று, அதன் புழு. கம்பளி, பட்டு, ரோமம், இறகு ஆகியவற்றில் உள்ள புரதத்தை அது தின்னும். காலரின் அடிப்பகுதியிலும் பையின் மூலையிலும் வெள்ளை நூலாம்படை போன்ற சிறு குழாய்களோ மணல்போன்ற துகள்களோ உள்ளனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் வைக்காமல் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, –18 டிகிரி செல்சியஸ் குளிர் எட்டும் ஃப்ரீசரில் இரண்டு வாரங்கள் வைத்திருங்கள். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரித்துவிடக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருந்தால் ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், துணியில் படியாது. மணிகளும் பழைய பிளாஸ்டிக் அலங்காரமும் உள்ள உடைகளுக்கு இம்முறை ஏற்றதன்று.

கேள்வி: பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த வளையலைச் சோதிக்கச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. பேக்கலைட்டை லியோ பேக்லேண்ட் 1907இல் கண்டுபிடித்தார். ஆனால் அதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் முன்பே வந்துவிட்ட செல்லுலாய்டு என்ற மற்றொரு பிளாஸ்டிக்கிலும் வளையல்கள், சீப்புகள், பொம்மைகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கக்கூடும். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றக்கூடியது. உங்கள் ஊசி பட்ட வளையல் செல்லுலாய்டாக இருந்தால் கையிலேயே பற்றி எரியக்கூடும். தீ பற்றாவிட்டாலும், நீங்கள் குத்திய துளையோடு அந்த வளையலை விற்பவர் யாரிடம் விற்பார்?

கட்டைவிரலால் வளையலின் ஓரிடத்தை வேகமாகத் தேய்த்துச் சூடேற்றி உடனே முகர்ந்து பாருங்கள். மருத்துவமனைக் கழிவறையில் அடிக்கும் பினாயில் போன்ற காரமான நெடி வந்தால் பேக்கலைட் வகை. கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு. எந்த வாடையும் வராவிட்டால் பெரும்பாலும் பிற்காலப் பிளாஸ்டிக், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. உலோகம் மெருகேற்றும் பசையைப் பஞ்சில் தொட்டு உட்புறத்தில் மெல்லத் தேய்த்தால், பழைய பேக்கலைட் எந்த நிறமாக இருந்தாலும் பஞ்சு பெரும்பாலும் மஞ்சளாக மாறும். விற்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வளையலின் ஓரத்தைச் சுற்றி அச்சு வார்த்த கோடு ஓடினாலும் ஐயப்படலாம். செல்லுலாய்டை வாங்கினால் பிற நகைகளோடு மூடிய பெட்டியில் வைக்காதீர்கள். அது சிதையும்போது வெளிப்படும் அமில ஆவி பக்கத்தில் உள்ள உலோகத்தையும் அரிக்கும்.

கேள்வி: பழைய விளம்பரச் சுவரொட்டிகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். அசலையும் நகலையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். படத்தை விட்டுவிட்டு எழுத்துகளின் விளிம்பைப் பாருங்கள். அசலில் எழுத்து ஒரே நிற மையால் திட்டாக அச்சாகியிருக்கும். அசலைப் படமெடுத்து அச்சிட்ட நகலில் எழுத்தும் படத்தோடு சேர்ந்து பல நிறப் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். படத்தில் புள்ளிகள் இருப்பது மட்டும் குற்றமாகாது, ஏனெனில் பழைய அச்சிலும் புகைப்படங்களைப் புள்ளிகளாகவே அச்சிட்டார்கள். அடுத்ததாக, மடித்த தடம் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் விரலை ஓட்டுங்கள். மடிப்பு கண்ணுக்குத் தெரிந்து விரலுக்குத் தெரியாவிட்டால், அசலின் மடிப்பும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது.

புற ஊதா டார்ச்சும் உதவும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் வேதிப்பொருட்கள் ஏறத்தாழ 1950க்குப் பிறகு பரவியவை; அவை கலந்த தாள் அந்த ஒளியில் நீலவெண்மையாக ஒளிரும். 1930களின் சுவரொட்டி அப்படி ஒளிர்ந்தால் விடை தெரிந்துவிட்டது. இதே சோதனையைத் துணியில் செய்து ஏமாறாதீர்கள். நூறாண்டு பழைய துணியும் ஒருமுறை இன்றைய சலவைத் தூளில் துவைக்கப்பட்டிருந்தால் ஒளிரும்.

கேள்வி: பீங்கான் பொருளின் அடியில் நாட்டின் பெயர் இருந்தால் அது எந்தக் காலத்தது?

பதில்: அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் பொருட்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 1891இல் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானியப் பொருட்களில் ‘நிப்பான்’ என்ற பெயர் 1921 வரை ஏற்கப்பட்டது. அதன்பின் ‘ஜப்பான்’ என்று எழுதச் சொன்னார்கள். ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்ற முத்திரை போருக்குப் பின் தொடங்கி 1952இல் முடிந்த ஆக்கிரமிப்புக் காலத்தைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் பொருட்களில் 1842 முதல் 1883 வரை வைர வடிவப் பதிவு முத்திரை இருந்தது. ஆனால் அம்முத்திரை காட்டுவது வடிவமைப்பைப் பதிவு செய்த நாளை. பாத்திரம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். ஜிப்பைப் பற்றிச் சொன்ன அதே கணக்குத்தான் இங்கும். இத்தகைய முத்திரைகளைப் போலியாகக் குத்துவோரும் இருப்பதால், முத்திரை மெருகுக்கு அடியில் உள்ளதா, மேலே ஒட்டியதுபோல் உள்ளதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: சந்தைக்கு விடியற்காலையில் போவது நல்லதா, முடியும் நேரத்தில் போவது நல்லதா? பேரம் பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடுபவர் விடியலில் போகட்டும், வியாபாரிகளே அந்நேரத்தில்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்குகிறார்கள். கண்ணில் பட்டதை வாங்குபவர் கடைசி நேரத்தில் போகலாம். மூட்டை கட்டி மீண்டும் வண்டியில் ஏற்ற வேண்டுமே என்ற அலுப்பு விலையைக் குறைக்கும். பல நாள் நடக்கும் வீட்டுப் பொருள் விற்பனையிலும் இறுதி நாளில் விலை இறங்குவது இயல்பு. ஏலமானால் கதை வேறு. சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று ஒரு விழுக்காட்டைச் சேர்ப்பார்கள்; அதைக் கணக்கிட்ட பிறகே கையை உயர்த்துங்கள்.

கூச்சம் உள்ளவருக்குப் பொருளின் குறையே துணை. ‘விலையைக் குறையுங்கள்’ என்பதற்குப் பதிலாக, ‘லைனிங் இங்கே விட்டிருக்கிறது, மாற்றித் தைக்க வேண்டியிருக்கும், அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒரே கடையில் இரண்டு மூன்று பொருட்களைச் சேர்த்து எடுத்து மொத்த விலை கேட்பதும் இருதரப்புக்கும் சங்கடமில்லாத வழி. பொருளைக் கையிலிருந்து கீழே வைக்காமல் பேசுங்கள்; வைத்துவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம், அதைத் தடுக்க உங்களுக்கு உரிமையில்லை.

கேள்வி: இருட்டில் ஒளிரும் முகப்புள்ள பழைய அலாரக் கடிகாரம் வாங்கினேன். இப்போது ஒளிர்வதில்லை. பிரித்துச் சுத்தம் செய்யலாமா?

பதில்: பிரிக்காதீர்கள். 1910களிலிருந்து 1960கள்வரை இத்தகைய முகப்புகளில் ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டது. ஒளிர்ந்தது ரேடியம் அன்று. அதன் கதிர்வீச்சு பட்டு ஒளிவிட்ட துத்தநாக சல்பைடு. அதுதான் தேய்ந்து ஓய்ந்துவிட்டது. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள் என்பதால், அது பூசிய நாளில் இருந்ததுபோலவே இன்றும் வீரியத்துடன் இருக்கிறது. கண்ணாடி மூடியிருக்கும்வரை ஆபத்து மிகக் குறைவு. உதிர்ந்த வண்ணத் தூள் மூச்சிலோ வாயிலோ செல்வதுதான் தீங்கு. கண்ணாடி உடைந்த ரேடியக் கடிகாரத்தை வாங்காதீர்கள். உங்களுடையது முழுமையாக இருந்தால் படுக்கையறையை விட்டு வேறிடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

இதோடு சேர்த்து, பழைய யானைத் தந்தச் சீப்பை வாங்கலாமா என்று கேட்டிருந்த வாசகிக்கும் சொல்லிவிடுகிறேன். அழிவுநிலை உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்துக்கான தடையை 1989இல் முடிவு செய்தார்கள். பல நாடுகளில் பழைய தந்தத்தையும் உரிய சான்றிதழ் இன்றி விற்பதும் எல்லை தாண்டி எடுத்துச் செல்வதும் குற்றம். கடலாமை ஓட்டில் செய்த சீப்புக்கும் இதே நிலைதான். சான்றிதழை விற்பவர் காட்டாவிட்டால் வாங்க வேண்டாம்.